முதியவர் குழந்தையா?

முதுமை வந்துவிட்டால் மனிதன் மீண்டும் குழந்தையாகிவிடுகிறான் என்று நம் வீடுகளிற் சொல்லுவதுண்டு. பல் போயிற்று, நடை தளர்ந்தது, ஊட்டிவிட வேண்டியிருக்கிறது, படுக்கை நனைகிறது, கேட்டதையே மீண்டும் கேட்கிறார். ஒப்புமை பொருத்தமாகத்தான் தோன்றுகிறது. அன்பினாற் சொல்லப்படுவதாகையால் எவரும் இதனை மறுத்துரைப்பதுமில்லை. ஆயினும் இதனைச் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நோயுற்ற முதியவரை நாம் பேணும் முறை முழுவதும் இக்கேள்விக்குத் தரும் விடையைப் பொறுத்தே அமைகிறது.

மருத்துவமனையிற் பணிபுரிவோரை இன்று செவிலியர் என்கிறோம். சொல் மிகப் பழையது. சங்க அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய், தோழியைப் பெற்றவள். தலைவி காதலனுடன் சென்றுவிட்டால் பாலை வழியில் அவளைத் தேடிச் செல்பவளும் அவளே. பெற்றவளினும் நெருங்கி இருந்து அறிந்தவள் என்னும் பொருள் அச்சொல்லுக்குள் இருக்கிறது. நர்ஸ் என்பதற்கு இச்சொல்லைத் தேர்ந்தவர் யாராயினும் சொல்லின் அருமை அறிந்தவர். ஆனால் அதனுள் ஓர் இடரும் உண்டு. செவிலி வளர்ப்பது இளையவளை. வளர்த்தல் வேறு, பேணுதல் வேறு.

குழந்தைக்கு நேற்று என்பது இல்லை. உணவிலும் உறக்கத்திலும் உடையிலும் அதன் பழக்கங்களை நாமே உண்டாக்குகிறோம், வளர்ப்பென்பதே அதுதானே. எண்பது வயதினரிடம் புதிதாக உண்டாக்க என்ன இருக்கிறது? அவர் முன்பே உருவாகி நிற்பவர். விடியலில் எழுந்து நீராடிய பிறகே காப்பி அருந்தியவரை, வசதிக்காகப் பதினொரு மணிக்கு ஈரத்துணியால் துடைத்துவிடுகிறோம். உடல் தூய்மையாகிறது, அவருடைய நாள் குலைந்துபோகிறது. குழந்தை ஆடையின்றி நிற்க நாணுவதில்லை; முதியவர் நாணுகிறார். உடை மாற்றும்போது கதவைச் சாத்த மறப்போர் இந்த ஒரு வேறுபாட்டை எண்ணினாற்கூடப் போதும்.

நோய்கள் பலவாகும்போது சிக்கல் பெருகுகிறது. மத்திய அரசுப் பணிக்காகத் தில்லிக்கு வந்து, ஓய்வுபெற்று, இங்கேயே தங்கிவிட்ட ஒருவரை எண்ணிக்கொள்வோம். நீரிழிவு, இரத்த அழுத்தம், புராஸ்டேட் வீக்கம், மூட்டுத் தேய்வு, உறக்கமின்மை. ஒவ்வொன்றிற்கும் ஒரு மருத்துவர். ஒவ்வொருவரும் தம் துறையில் வல்லவர். அழுத்தத்திற்கான மாத்திரையும் புராஸ்டேட்டிற்கான மாத்திரையும் ஒருங்கு சேர்ந்தால், எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டெனத் தாழக்கூடும். அதன்மேல் தூக்க மாத்திரை. நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழுகிறார், தலை சுழல்கிறது, விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. எந்த மருத்துவரும் பிழை செய்தாரென்று சொல்ல இயலாது. ஐந்து நோய்களுக்கும் மருந்து கிடைத்தது, அவருக்குத்தான் கிடைக்கவில்லை.

மருத்துவ உலகம் இதனை உணராமல் இல்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978லேயே முதியோர் மருத்துவத்திற்கெனத் தனிப்பிரிவு தொடங்கிற்று, டாக்டர் வி. எஸ். நடராசன் அதன் முன்னோடி. நீரிழிவுக்கான வழிகாட்டு நெறிகளும் இப்போது நெகிழ்ந்துள்ளன. நடுத்தர வயதினருக்கு எச்பிஏ1சி அளவு 7க்குக் கீழ் இருத்தல் நலமென்று சொல்லும் அவையே, பல நோய்களால் தளர்ந்த முதியவருக்கு 8 வரை போகலாம் என்கின்றன. இறுக்கிப் பிடித்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார் என்னும் அச்சமே காரணம். எண்ணைக் கண்டு மருந்து தந்த நிலை மாறி, ஆளைக் கண்டு எண்ணை வகுக்கும் நிலை வந்திருக்கிறது.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில் மருத்துவத்தை நான்காகப் பகுத்து, நோயாளியையும் மருத்துவனையும் மருந்தையும் சொல்லி, அருகிருந்து பேணுவோனையும் சமமாக வைத்தெண்ணினார். சரக சம்ஹிதையும் இவ்வாறே நான்கென்னும்; அதற்கு மேலும் சென்று ஒவ்வொன்றிற்கும் நான்கு பண்புகளை வகுக்கும். நோயாளிக்கு அது வேண்டுவன நினைவாற்றல், சொற்படி நடத்தல், அஞ்சாமை, தன் நோயைத் தானே எடுத்துரைக்கும் திறன் என்பன. இங்கேதான் நம் கேள்வி கூர்மையடைகிறது. மறதிநோய் முற்றிய மூதாட்டியிடம் இவற்றுள் எது எஞ்சியிருக்கிறது? நினைவு போயிற்று, சொல் போயிற்று. அவர் இழந்த அவ்விரண்டையும் அருகிருப்பவரே அவர் பொருட்டுச் சுமந்தாக வேண்டும் என்பது என் கருத்து. குழந்தையைப் பேணுவோருக்கு இச்சுமை இல்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. பிற்காலத்தில் கற்ற மொழி முன்னே கழன்று, தாய்மொழி எஞ்சி நிற்பது மறதிநோயாளர் பலரிடம் காணப்படுவது. நாற்பதாண்டு இந்தியில் பேரம் பேசிக் காய்கறி வாங்கிய அம்மையார், ஒருநாள் அம்மொழியையே அறியாதவராகப் பணிப்பெண்ணை விழித்து நோக்குகிறார். மனநிலை திரியாதவருக்குங்கூட வலியைச் சொல்லத் தாய்மொழியே வேண்டியிருக்கிறது. தமிழில் குத்தல் வேறு, குடைச்சல் வேறு. கடுப்பு வேறு, உளைச்சல் வேறு. ‘நெஞ்சைக் கரிக்கிறது’ என்பதற்கும் ‘நெஞ்சை அடைக்கிறது’ என்பதற்கும் இடையே ஓர் உயிர் ஊசலாடுகிறது. நடுவில் நிற்கும் பேரன் இவையனைத்தையும் ‘தர்த்’ என்னும் ஒரே சொல்லாக்கிச் செவிலியிடம் சேர்க்கிறான். அவனைக் குறை கூறிப் பயனில்லை. அச்சொற்களை அவன் காதில் போடாதவர்கள் நாம்தானே.

இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த டாம் கிட்வுட் என்னும் அறிஞர், மறதிநோய் பற்றி 1997இல் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளி தேய்வது மூளை தேய்வதனால் மட்டுமன்று. சூழ்ந்திருப்போர் நடத்தும் முறையாலும் தேய்கிறார் என்பது அவர் துணிபு. எதிரில் வைத்துக்கொண்டே அவரைப்பற்றிப் பிறரிடம் பேசுதல், அவரால் இயலாத விரைவில் இயக்குதல், குழந்தையாக்குதல், ஏமாற்றுதல் எனப் பலவற்றை அவர் வரிசைப்படுத்தினார். இவற்றைச் செய்வோர் தீயவரல்லர், பெரும்பாலும் நல்லெண்ணம் உடையவரே என்றும் கருதினார். நம் கூடங்களில், பாட்டி நாற்காலியில் அமர்ந்திருக்க, ‘இப்போதெல்லாம் ஒன்றும் புரிவதில்லை’ என்று விருந்தினரிடம் நாம் உரைப்பதில்லையா?

ஏமாற்றுதல் என்றதும் ஒரு கடினமான வினா எழுகிறது. கணவரை இழந்து பத்தாண்டுகளான அம்மையார், மாலைதோறும் ‘அவர் ஆபீஸிலிருந்து வந்துவிட்டாரா?’ என்கிறார். இறந்துவிட்டார் என்றால், அன்றுதான் கேட்பவர்போல் கதறுகிறார். மறுநாளும் அதே கதறல். வந்துகொண்டிருக்கிறார் என்றாலோ, இரவுவரை வாயிலில் நிற்கிறார். தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்று கொண்டு பொய்யைத் தேர்வோர் உண்டு. எனக்கு அதில் முழு மனமில்லை. அப்பொய்யும் அவரை வாயிலில் நிறுத்துகிறதே. பணிப்பெண் ஒருவர், ‘ஐயாவுக்கு என்ன டிபன் பிடிக்கும், அம்மா?’ என்று கேட்டதைக் கண்டிருக்கிறேன். அம்மையார் அரிசி உப்புமாவைப்பற்றி அரைமணி நேரம் பேசினார். வாயிலுக்குப் போகவில்லை. இது நழுவல் என்பாரும் உளர். அவர் கேட்டது செய்தியன்று, அவருக்கு வேண்டியிருந்தது கணவரைப்பற்றிய பேச்சு என்றே நான் கொள்கிறேன். ஆனால் தெளிந்த ஒரு பொழுதில் அவரே, ‘அவர் போய்விட்டாரா?’ என நேரே கேட்பாராயின், கையைப் பற்றிக்கொண்டு ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வேளையில் மறைப்பது அவரைக் குழந்தையாக்குவதாகும்.

விருப்பத்திற்கும் பாதுகாப்புக்கும் உள்ள பூசல் இதனினும் பெரிது. விழுந்துவிடுவார் என்று கட்டிலுக்குத் தடுப்புப் போடுகிறோம். குழாயைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டுகிறோம். தடுப்பைத் தாண்ட முயன்று இன்னும் உயரத்திலிருந்து விழுந்தவர்கள் உண்டு. ஏன் எழுகிறார் என்று கேட்பது அரிதாகிறது. சிறுநீர் முட்டியிருக்கலாம், மூக்குக்கண்ணாடியும் செவிக்கருவியும் வீட்டில் கிடக்க, எங்கிருக்கிறோமென்று அறியாது மருளலாம். அறிவு தெளிந்தவர், நோவறிந்தே, காலையில் ஒரு கரண்டிச் சர்க்கரையோடு காப்பி வேண்டுமென்றால் தரலாமென்பேன். மகன் விரும்புவது தந்தையின் ஆயுளை; தந்தை விரும்புவது அன்றைய காலையை. ஆயுள் அவருடையது.

இவ்வளவையும் மருமகளின் தலையிலோ, பன்னிரண்டு மணிநேரம் நின்று பணிபுரியும் கூலிப்பெண்ணின் தலையிலோ வைத்துவிட்டு நாம் அறம் பேசுவது எளிது. பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடமிருந்து பொருளுதவி பெற்றுத்தர 2007இல் ஒரு சட்டம் வந்தது. அதனால் பணத்தை வாங்கித்தர இயலும். கவனத்தை வாங்கித்தர இயலாது. பேணுவோரின் பெயரையும் ஊரையும் கேட்டறிந்து, உணவும் ஓய்வும் தந்த வீடுகளில் முதியவர் நன்கு பேணப்படக் கண்டிருக்கிறேன்.

பிரித்தானியாவில் அல்சைமர் சங்கம், நோயாளியைப்பற்றி வீட்டார் எழுதி மருத்துவமனைக்குத் தரத்தக்க ஒரு சிறுமடல் வைத்திருக்கிறது; ‘இதுதான் நான்’ என்பது அதன் தலைப்பு. நம் இல்லங்களிலும் ஒரு தாளில் இதனை எழுதி வைக்கலாம். எப்பெயரால் அழைத்தால் திரும்புவார், எந்தச் செவி கேட்கும், எந்தக் கை வலிக்கும், மோர்ச்சோற்றுக்கு எலுமிச்சை ஊறுகாயா, நார்த்தங்காயா, விளக்கணைத்தால் அஞ்சுவாரா, பிறந்த ஊர் எது, இழந்த பிள்ளை உண்டா. தாளின் பின்புறத்தில் பத்து வலிச்சொற்களைத் தேவநாகரி எழுத்தில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அதன் பொருளை இந்தியில் குறித்துவைக்கலாம். ‘நெஞ்சை அடைக்கிறது’ என்பதனை முதலில் எழுதுக, சிவப்பு மையில்.