தானாக அழியாத பதிவு

கொரோனா ஊரடங்கை மீறியதாகப் பதிவான சுமார் 10 லட்சம் வழக்குகள் கைவிடப்படும் என்று 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். போலீஸாரைத் தாக்கியது போன்றவை மட்டும் விலக்கு. இத்தகைய உத்தரவு மீறலுக்கு அன்று இருந்தது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவு. ஆறு மாதச் சிறையைத் தாண்டாத குற்றம். இத்தனைக்கும் 2018 செப்டம்பரிலேயே, கரூர் மாவட்டம் வேலாயுதம்பாளையம் காவல் நிலைய வழக்கொன்றில், இந்தப் பிரிவில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லியிருந்தது.

வழக்கைக் கைவிடலாம். பதிவு? கோவையில் பாஸ்போர்ட்டுக்கோ கம்பெனி வேலைக்கோ விசாரணை வரும்போது, "கேஸ் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்பார்கள். இருந்தது, இப்போது இல்லை என்று உண்மையைச் சொன்னால், கேட்பவர் காதில் விழுவது முதல் சொல்தான். தமிழ்நாட்டுக் காவலர் தேர்வு விதி இன்னும் கடுமை. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் அது குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதுகிறது.

மறுதரப்பின் வாதம் லேசானதல்ல. கல்லாவை ஒப்படைக்கும் பட்டறை முதலாளிக்கு ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. அடிபட்டவரும் ஏமாந்தவரும் இருக்கும் குற்றத்தை அரசு தன் போக்கில் மறந்தால், அது அவர்களுக்கு இரண்டாவது அநீதி. அங்கே அவர்களைக் கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது. ஊரடங்கில் வண்டி எடுத்ததும் தவறுதான். ஆனால் அந்த வழக்கில் புகார்தாரர் அரசே, மன்னித்ததும் அரசே.

மனுப் போட்டு நீக்கிக்கொள்ளட்டுமே என்பார்கள். மனு என்றால் வக்கீல் ஃபீஸ், கோர்ட்டுக்கு நடக்கும் நாள்களின் கூலி. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் அதைத் தாங்கமாட்டார். யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அந்தக் கதவு திறக்காது. பதிவு ஏறியபோது அவரிடம் யாரும் மனுக் கேட்கவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 2018-இல், விண்ணப்பமே இல்லாமல் சிறு குற்றப் பதிவுகளை மறைக்கச் சட்டம் இயற்றியது.

நம் சட்டத்துக்கும் இந்த மறதி புதிதல்ல. 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, கொடுங்குற்றங்களில் சில நீங்கலாக, உரிய காலம் கழிந்ததும் சிறாரின் பதிவை அழிக்கச் சொல்கிறது. பதினேழு வயதில் செய்த திருட்டு அழிந்துபோகும். பத்தொன்பது வயதில், ஊரடங்கில் வண்டி எடுத்து வெளியே போனது கணினியில் கிடக்கும்.