திட்டு வாங்கும் தூரம்

போன டிசம்பர் செமஸ்டர் விடுமுறையில் நானும் என் வகுப்பு நண்பர்கள் இருவரும் ஒக்கினாவா போயிருந்தோம். ஜப்பானின் தெற்கே, தைவானை நோக்கி நீளும் தீவுக்கூட்டம் அது. டோக்கியோ குளிரில் நடுங்குகிறவர்கள் கொஞ்சம் சூடு தேடி அங்கேதான் பறந்து போகிறார்கள். நாஹா நகரில் ஜனவரி மாதச் சராசரியே 17 டிகிரி. அவர்களுக்கு அது இதமான விடுமுறை. கிள்ளானில் பிறந்து வளர்ந்த எனக்கோ நாள் முழுக்க ஏர்கோன் அறைக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரி. முதல் நாளே பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ஜாக்கெட் வாங்கினேன்.

நான் போனது படமெடுக்க. பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய பழைய கேமராவும், 300 மில்லிமீட்டர் வரை இழுக்கும் ஒரு ஜூம் லென்ஸும் கையில். நீலக்கடல், வெள்ளை மணல் என்று மனசுக்குள் ஏற்கெனவே படங்களை எடுத்து முடித்திருந்தேன். போய்ப் பார்த்தால் வானம் முழுக்கச் சாம்பல் நிறம். நம் கிளந்தானிலும் திரங்கானுவிலும் வெள்ளம் கொண்டு வருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கே மேகமும் குளிருமாக வீசுகிறது. 2019 அக்டோபரில் எரிந்துபோன ஷுரி கோட்டையை மறுபடி எழுப்பிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் போனோம்; சந்தைக்குப் போனோம். அதெல்லாம் எல்லாரும் எடுக்கிற படங்கள்தான்.

ஐந்தாம் நாள் குடாக்கா தீவுக்குப் போனோம். நான்ஜோ நகரின் அஸாமா துறைமுகத்திலிருந்து விரைவுப் படகில் பதினைந்தே நிமிடம். வாடகை சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம், அவ்வளவு சின்னத் தீவு. ஆனால் ஒக்கினாவா மக்களுக்கு அதைவிடப் புனிதமான இடம் கிடையாது. படைப்புத் தெய்வம் அமாமிக்கியோ வந்து இறங்கிய மண். ஐந்து தானியங்கள் அடங்கிய ஜாடி மிதந்து வந்து ஒதுங்கியது அங்குள்ள இஷிகி கடற்கரையில்தான் என்பது நம்பிக்கை. அங்கே கோபுரமும் கிடையாது, சிலையும் கிடையாது. உத்தாக்கி என்றால் மரங்கள் சூழ்ந்த ஒரு வெற்றிடம். கும்பிடுவதும் வழிநடத்துவதும் பெண்கள். தீவின் மிக முக்கியமான ஃபுபோ உத்தாக்கிக்குள் இப்போது யாருக்குமே அனுமதி இல்லை. வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். தீவிலிருந்து ஒரு கல்லைக்கூட வெளியே கொண்டு போகக் கூடாது என்றும் சொல்கிறார்கள்.

பலகை இருந்த இடத்தில் நாங்கள் ஒழுங்காகத்தான் இருந்தோம். பிரச்சினை பலகை இல்லாத இடத்தில்.

இஷிகி கடற்கரையில் ஒரு வயதான அம்மா, கிழக்கே கடலைப் பார்த்து மணலில் மண்டியிட்டிருந்தார். முன்னால் ஒரு விரிப்பு. அதில் பழம், அரிசி, ஒரு சின்னப் போத்தல், நம் வத்தி மாதிரி இல்லாமல் தட்டையாக, கறுப்பாக இருக்கும் அவர்களுடைய ஊதுவத்தி. உதடு அசைந்துகொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து மேகம் கிழிந்து, கடல்மேல் ஒரு பட்டை வெளிச்சம் விழுந்தது. ஐந்து நாளாக நான் காத்திருந்த வெளிச்சம். புதர் ஓரமாக நின்று, லென்ஸை 300 வரை இழுத்து, ஒரே ஒரு தடவை அழுத்தினேன். அவருக்குக் கேட்டிருக்காது. தொந்தரவு செய்யவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, அவர் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு பாதையில் வந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். படையலில் இருந்த மூன்று ஆரஞ்சுப் பழங்களை எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கையில் வைத்துவிட்டு, ஏதோ சொல்லிக்கொண்டே போய்விட்டார். பிரசாதம் என்று எந்த மொழியில் கொடுத்தாலும் கைக்குத் தெரியும். என் நண்பர்கள் உரித்துச் சாப்பிட்டார்கள். எனக்கு உரிக்கவே முடியவில்லை. ஏன் என்று சொல்ல, மூன்று வருடம் முந்தைய ஒரு கதையைச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பத்தொன்பது வயது. தைப்பூசத்துக்கு அத்தை பால்குடம் எடுத்தார். பத்துமலைப் படியில் பாதி தூரம் ஏறும்போது அவருக்கு அருள் வந்துவிட்டது. முடி அவிழ்ந்து, கண் மேலே செருகி, பால் வழிந்து... நான் எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது. அன்றிரவே இன்ஸ்டாகிராமில் போட்டேன். தெரியாதவர்கள் வந்து சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள், அத்தையோடு வேலை செய்யும் ஒருவர் அதைக் காட்டி “இது நீங்கதானே?” என்று கேட்டிருக்கிறார். அத்தை வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“யாரக் கேட்டுடா எடுத்த?”

“நீங்க பக்கத்துலதான இருந்தீங்க அத்தை...”

“நான் எங்கடா இருந்தேன்? அந்த நேரத்துல நான் அங்க இல்ல. இல்லாதவள எப்படிடா எடுப்ப?”

படத்தை அழித்தேன். அதற்குள் அது வேறு யார் யாருடைய பக்கத்துக்கோ போய்விட்டது.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பொறியியல் படிக்கிறவன் புத்தி முதலில் வேறு மாதிரிதான் கணக்குப் போடும். ஒரு கல்லை எடுத்தால் கடற்கரையில் ஒரு கல் குறையும். படமெடுத்தால் என்ன குறைகிறது? அவர் மேல் பட்டுச் சிதறிய வெளிச்சம் எப்படியும் எங்கேயோ போய்த் தொலையப் போகிறது. அதில் ஒரு துளி என் சென்சாரில் விழுந்தது. அவ்வளவுதானே? இயற்பியல்படி இதில் தப்பே இல்லை. ஆனால் அத்தை இழந்தது வெளிச்சத்தை அல்ல. அந்தக் கோலத்தில் தன்னை யார் பார்க்கலாம் என்பது அதுவரை அவர் கையிலும், கூட நடந்து வந்த குடும்பத்தின் கையிலும் இருந்தது. அதைத்தான் நான் எடுத்துப் போனேன்.

திரும்பி வந்தபிறகு குடாக்காவைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். எனக்கு முன்னாலேயே இதே தீவுக்கு, இதே குளிர்காலத்தில் இரண்டு பேர் கேமராவோடு போயிருக்கிறார்கள். குடாக்காவில் 12 ஆண்டுக்கு ஒருமுறை, குதிரை ஆண்டில், இஸாய்ஹோ என்ற சடங்கு நடக்கும். தீவின் பெண்கள் பூசாரிகளாகும் சடங்கு. 1966 டிசம்பரில் அதைப் பார்க்க டோக்கியோவிலிருந்து ஒக்காமொத்தோ தாரோ வந்தார். பின்னாளில் 1970 ஒசாக்கா கண்காட்சிக்குச் சூரியக் கோபுரத்தைப் படைத்த பெரிய கலைஞர். ஒக்கினாவாவை உண்மையாகவே நேசித்தவர். உத்தாக்கியில் ஒன்றுமே இல்லாததைக் கண்டு வியந்து எழுதியவர். அப்படிப்பட்டவர்தான் அந்தப் பயணத்தில், இறந்தவர்களைப் புதைக்காமல் காற்றில் விட்டு வைக்கும் இடத்துக்குப் போய்ப் படமெடுத்தார். படங்கள் ஒரு வார இதழில் வந்தன. தீவு மக்களுக்கு அது ஆறாத காயமாகிவிட்டது.

இன்னொருவர் ஹிகா யாசுவோ. போலீஸ்காரராக இருந்தவர். 1968இல் கடேனா விமானத்தளத்தில் அமெரிக்க பி-52 குண்டுவீச்சு விமானம் விழுந்து வெடித்தபின், அந்த வேலையை விட்டுப் புகைப்படத்துக்கு வந்தார். 1970களின் நடுவிலிருந்து குடாக்காவுக்குத் திரும்பத் திரும்பப் போனார். அங்கிருந்த மூத்த பூசாரி அம்மா ஒருவர், இந்தச் சடங்குகள் தன்னோடு முடிந்துவிடும் என்று நினைத்து, தனக்குத் தெரிந்ததையெல்லாம் அவரிடம் சொன்னார். 1978இன் இஸாய்ஹோவை ஹிகா படமெடுத்தார். அதுதான் கடைசி. 1990இல் சடங்கை நடத்த ஆள் இல்லை. இன்று அந்தப் பெண்களின் முகங்களை நாம் பார்க்க முடிகிறது என்றால் அதற்குக் காரணம் அவரும் அவரைப் போன்ற சிலரும்தான்.

அதனால் “சாமி கும்பிடும்போது படமே எடுக்காதே” என்று முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை. நம் தோட்டப்புறக் கோயில்களில் எத்தனையோ இடம் மாறிவிட்டன, சில இல்லாமலே போய்விட்டன. அந்தத் திருவிழாக்களைக் கேட்டால் பாட்டிமார் வாய்க்கதைதான் இருக்கிறது. யாராவது எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

அப்படியென்றால் ஒக்காமொத்தோவுக்கும் ஹிகாவுக்கும் என்ன வித்தியாசம்? திறமையா? நோக்கமா? நோக்கம் இரண்டு பேருக்கும் நல்லதுதான். எனக்குப் படுவது இதுதான்: ஹிகா திட்டு வாங்கும் தூரத்தில் நின்றார். எடுத்துவிட்டு மறுபடி அதே வாசலுக்குப் போனார். பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேராகச் சொல்ல அந்த மக்களுக்கு ஓர் ஆள் இருந்தார். ஒக்காமொத்தோவின் படங்கள் அச்சானதோ அவர்களுடைய குரல் எட்டாத ஊரில். பத்துமலையில் நானும்தான் தப்பு செய்தேன். ஆனால் அத்தைக்கு என் வீட்டு முகவரி தெரியும். இஷிகியில் அதே தப்பை 300 மில்லிமீட்டருக்கு அப்பால் நின்று, மத்தியானப் படகுக்கு டிக்கெட்டும் வைத்துக்கொண்டு, மொழியும் தெரியாமல் செய்தேன். தொந்தரவு செய்யாத தூரம் என்று நான் நினைத்தது, மாட்டிக்கொள்ளாத தூரம்தான்.

இதில் ஓட்டை இருக்கிறது, தெரியும். திட்டு வாங்கத் தயார் என்பதாலேயே ஒருவன் எதை வேண்டுமானாலும் எடுத்துவிட முடியாது. அருளில் இருப்பவரிடம் எந்தத் தூரத்தில் நின்றாலும் கேட்க முடியாது. அத்தையின் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

அந்தக் கடற்கரைக்கு ஒரு பழக்கம் உண்டு. தீவின் ஆண்கள் அங்கே மூன்று சிறு கற்களைப் பொறுக்கி, வருடம் முழுக்கக் காப்பாக வைத்திருந்து, வருட முடிவில் அதே கரையில் திருப்பிப் போடுவார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. படத்தை எங்கே திருப்பிப் போடுவது?

பல்கலைக்கழகத்தில் ஒரு புகைப்படப் போட்டி. பரிசு ஐந்நூறு வெள்ளி. நண்பன் சொன்னான், “அனுப்புடா, அந்தப் பாட்டி என்ன கிள்ளானுக்கா வந்து பார்க்கப் போறாங்க?” அவன் சொன்ன காரணத்துக்காகவே அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை. அச்சுப் போட்டு ஒரு பிரதி வைத்திருக்கிறேன். மறுபடி போக டிக்கெட் காசு சேர இன்னும் ஒரு வருடம் ஆகும். போனால் அந்தப் படகுத்துறையில் காட்டி யாரிடமாவது விசாரிக்கலாம்.

போன வாரம் அத்தை வந்தபோது மேசையில் இருந்ததைப் பார்த்துவிட்டார்.

“யாருடா இந்தம்மா?”

சொன்னேன். எல்லாவற்றையும்.

“என்ன வேண்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க?”

“தெரியல அத்தை.”

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “பழத்தையாவது சாப்பிட்டியா?”

“படகுல சாப்பிட்டேன்.”

“ம்.” படத்தைக் கவிழ்த்து வைத்தார். “இந்தத் தைப்பூசத்துக்கு என் கூட வா. தண்ணிப் போத்தல் தூக்க ஆள் வேணும். கேமராவ பைக்குள்ள வை. கீழ இறங்கி, முகம் கழுவி, சேலை மாத்தினப்புறம் ஒண்ணு எடு. பல்லு தெரியாம எடு.”