காவலும் ஐயமும்

தெருவில் திருட்டு நிகழ்ந்தால் அண்டை அயலார் கூடி, முறைவைத்துக் காவலிருக்க முற்படுவது இயல்பே. உறங்குவோர் பொருட்டு ஒருவர் விழித்திருப்பது உயர்ந்த பண்பு. ஆயின், அந்த விழிகள் எதைத் தேடுகின்றன?

அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டு ஷெரீப்புகளின் தேசியச் சங்கம் இத்தகைய காவல் திட்டத்தை நாடெங்கும் பரப்பத் தொடங்கியது. பார்ப்பதும் காவல்துறைக்கு அறிவிப்பதுமே காவலர் பணி. துரத்துவதும் ஆயுதமேந்துவதும் அன்று. 2012 பிப்ரவரி 26 இரவு, ஃப்ளோரிடாவின் சான்ஃபோர்ட் நகரில், ட்ரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் கடையில் மிட்டாயும் பானமும் வாங்கிக்கொண்டு, தந்தையுடன் விருந்தினனாகத் தங்கியிருந்த குடியிருப்புக்கு மழையில் திரும்பினான். அங்கு விரும்பிக் காவற்பணி ஏற்றிருந்த ஒருவர் அவனை ஐயுற்றுக் காவல்துறையைத் தொலைபேசியில் அழைத்தார். பின்தொடரத் தேவையில்லை என்று மறுமுனையில் கூறப்பட்டது. சில நிமிடங்களில் கைகலப்பு. அவரது துப்பாக்கிக்குச் சிறுவன் பலியானான். தற்காப்பென வாதிடப்பட்ட வழக்கில், 2013-இல் ஜூரிகள் அவரை விடுவித்தனர்.

அக்குடியிருப்பில் முன்னரே திருட்டுகள் நடந்திருந்தன, அச்சம் பொய்யன்று. எனினும், அச்சிறுவன் அந்நியன் என்று அவருக்குச் சொன்னது யார்? வீண் ஐயத்தையும் பிறரைத் துருவுவதையும் திருமறை (49:12) ஒருசேர விலக்கியிருப்பதை நாம் எண்ணிப் பார்க்கிறோம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொலைவு அதிகமில்லை.

ஆகவே, காவலுக்கு ஆள் சேர்க்குமுன் அண்டை வீடுகளின் கதவைத் தட்டுவோம். நம் பெயரைச் சொல்லி, அவர்தம் பெயரையும், வந்திருக்கும் விருந்தினர் பெயரையும் கேட்டறிவோம். விசிலும் கைவிளக்கும் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.