முகட்டில் போட்டது அங்கே நிற்காது

மாசி, பங்குனியில் வெள்ளியங்கிரி ஏறப் போகிற அன்பர்களே, பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடியைக் கையில் எடுக்கும் முன் இதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

வெள்ளியங்கிரியின் ஏழு மலையில் முதல் சில மலைகள் காட்டுக்குள் ஏறும் செங்குத்துப் படிகள். பிறகு மரங்கள் விலகிப் புல்வெளி தொடங்கும். பாதை மலையின் முகட்டைப் பிடித்துக்கொள்ளும். முன்னோர் முகட்டில் வழி கண்டதற்குக் காரணம் உண்டு. அங்கே ஓடை குறுக்கிடாது, சேறு தங்காது, திசை தப்பாது. மழைநீர் இருபுறமும் வழிந்துவிடும்.

அந்தக் குணம்தான் இன்று நம்மால் கேடாகிறது. முகட்டில் எறிந்த பாட்டிலும் பிஸ்கட் கவரும் அங்கே கிடப்பதில்லை. காற்று உருட்டும், தென்மேற்குப் பருவமழை சரிவில் இறக்கும். இறங்குகிற ஓடைகள் சேர்ந்துதான் நொய்யல். கோவையையும் திருப்பூரையும் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிற ஆறு அது. திருப்பூரில் சாயக்கழிவு கலந்தபோது எவ்வளவு கொதித்தோம்! பிறக்கும் இடத்திலேயே நாம் கெடுத்தால் யாரைப் போய்க் கேட்பது? ஆற்றுக்கு மட்டுமல்ல கேடு. உப்பும் இனிப்பும் ஒட்டிய கவரை யானை விழுங்கிவிடும். அது யானையின் காடு, நாம் விருந்தாளிகள்.

குறுக்கே ஏறாதீர்கள். கூட்டத்தை முந்த ஒருவர் புல்லை மிதித்து ஏறினால் பின்னால் நூறு பேர் வருவார்கள். வேர் அறுந்த மண்ணில் அடுத்த மழை வாய்க்கால் வெட்டும். அதன்பின் பழைய பாதையே சரியத் தொடங்கும். எத்தனையோ தலைமுறைக் கால்கள் பதித்த வழியை நம் பத்து நிமிட அவசரம் அழிக்கலாமா?

வழியில் வரும் ஆண்டி சுனையில் முழுகுங்கள். சோப்பும் ஷாம்பூவும் வேண்டாம். பீடி, சிகரெட் அறவே வேண்டாம். நாம் ஏறுவது கோடையில். புல் காய்ந்து கிடக்கும், முகட்டில் காற்று ஓயாது. ஒரு பொறி போதும்.

அடிவாரத்தில் வனத்துறையினர் பையைச் சோதிக்கும்போது முகம் சுளிக்காதீர்கள், எதையும் ஒளித்துக் கொண்டுபோகாதீர்கள். ஒரு துணிப்பையை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். இறங்கும்போது உங்கள் பாட்டிலோடு, வழியில் யாரோ போட்ட இரண்டு பாட்டிலையும் எடுத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். கூட வரும் பிள்ளைகள் பார்க்கட்டும்.