ஒதுங்கியோரும் ஒதுக்கப்பட்டோரும்

மாணவரை அமிர்திக் காட்டிற்கு அழைத்துச் சென்றிருந்தோம். வேலூர் வெயிலினின்று விடுபட்டு, ஜவ்வாது மலைச் சாரலின் மரநிழலில் அமர்ந்ததும், "துறவிகள் ஏன் ஐயா காட்டைத் தேடினர்?" என்று கேட்டான் ஒரு சிறுவன். கேட்டவன், தோல் பதனிடும் தொழிலாளியின் மகன்.

விடையை ஒரு சொல்லிலே தேடினோம். 'பள்ளி' என்பது அச்சொல். இன்று அது நாம் பாடம் நடத்தும் இடம். அன்றோ, ஊரைவிட்டு ஒதுங்கிய சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடம். மதுரையை அடுத்த மாங்குளம் குன்றில், கி.மு. 2ஆம் நூற்றாண்டினதெனக் கருதப்படும் கல்வெட்டிலேயே அச்சொல் உண்டு. ஆம்பூர்ப் பக்கத்து ஆர்மாமலைக் குகையிலும் சமண ஓவியங்கள் எஞ்சி நிற்கின்றன.

தனிமைக்குரிய சொல் கல்விக்குரியதானது எங்ஙனம்? கதவு திறந்திருந்தமையால்! உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி எனும் நால்வகைக் கொடையைச் சமணர் அறமெனப் போற்றினர். பெண்டிரும் குரத்தியர் எனும் ஆசிரியராய் விளங்கியதைக் கழுகுமலைக் கல்வெட்டுகள் காட்டும். குகை புகுந்தோர் கண்மூடிக் கிடந்தே மறைந்திருப்பின், சொல்லும் அவரோடு மாண்டிருக்கும். கற்றதைக் கற்பித்தனர், சொல் வாழ்ந்தது.

"ஒதுங்கி வாழ்வது உயர்வன்றோ?" என்பர். யாருக்கு உயர்வு? ஊருக்கு வெளியே இருந்தது பள்ளி. ஊருக்கு வெளியேதான் இருந்தது சேரியும்! முன்னவர் ஒதுங்கினர், பின்னவர் ஒதுக்கப்பட்டனர். சொல்லில் ஓரெழுத்தே வேறுபாடு. வாழ்விலோ மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு! ஒதுங்கியவன் காலில் விழுந்த ஊர், ஒதுக்கப்பட்டவன் கால் பட்டால் தீட்டு என்றது. இருவரையும் பிரித்தது இடமன்று, விருப்பம். உடையவனே துறக்க முடியும். ஏதுமற்றவனிடம் துறவின் பெருமை பேசுவது, பட்டினி கிடப்பவனுக்கு நோன்பு கற்பிப்பதாகும்.

1953இல் வந்தது குலக்கல்வித் திட்டம். பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் குடும்பத் தொழில். நம் வட்டாரத்தில் அதன் பொருள் என்ன? தோல் பதனிடுவோன் மகன் தோலுக்கே திரும்பவேண்டும் என்பதுதானே! எதிர்ப்பு மூண்டது; 1954இல் திட்டம் மாண்டது. துறவியும் குலத்தொழிலை உதறிவிட்டுத்தான் மலையேறினான். அவனுக்கு அது தவமென்றால், சிறுவனுக்கு மட்டும் அது தவறாவது எப்படி?

தோழர்களே! கேட்ட சிறுவனுக்கு நாம் சொன்ன விடை இதுதான்: "சிந்திப்பதற்கு ஒதுங்கு, சிந்தித்ததைச் சொல்ல ஊருக்குத் திரும்பி வா. எவரேனும் உன்னை ஒதுக்க வந்தால், ஓரடியும் ஒதுங்காதே!"