தினைமாவு கேட்ட கிழவரும் சோறு கேட்ட அப்பத்தாவும்

ஓம் சரவணபவ!

இன்னைக்கு கிருத்திகை. நிறைய பேர் காலையிலிருந்தே விரதத்துல இருப்பீங்க. வழக்கமா கிருத்திகைக்கு ஒரு தலத்தைப் பத்தி எழுதுவேன். இந்தத் தடவை எங்க வீட்டைப் பத்தி எழுதுறேன். கொஞ்சம் பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

எங்க அப்பத்தாவுக்கு 78 வயசு. ஊரு திண்டுக்கல் பக்கம். 20 வருஷத்துக்கு மேல தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போனவங்க. கந்த சஷ்டி கவசத்தைப் புத்தகம் பார்க்காம முழுசா சொல்வாங்க. எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவங்கதான்.

ரெண்டு வருஷமா ஒரு மாற்றம். முதல்ல அடுப்புல பாலை வச்சிட்டு மறந்தாங்க. வயசானா வர்றதுதானேன்னு விட்டுட்டோம். அப்புறம் சாப்பிட்டு கால்மணி நேரம்கூட ஆகாது, "எனக்கு யாரும் சோறு போடல"ன்னு பக்கத்து வீட்டுல போய்ச் சொல்வாங்க. கம்மலைக் கழட்டி அரிசிப் பானைக்குள்ள வச்சிட்டு, அம்மா எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க. அன்னைக்கு முழுக்க அம்மா அழுதாங்க. சொந்தக்காரங்க சிலர் காத்து கருப்பு அண்டியிருக்கும்னு தாயத்து கட்டினாங்க. அதுலயே எட்டு மாசம் போயிடுச்சு.

இப்ப என் தப்பைச் சொல்றேன். ஒரு நாள் வீட்டுல இருந்தே ஆபீஸ் வேலை பார்த்துட்டு இருந்தேன். மீட்டிங் நடக்குது. அப்பத்தா வந்து, "தம்பி, சோறு போடுய்யா"ன்னாங்க. அது நாலாவது தடவை. "இப்பத்தானே சாப்பிட்டீங்க! எத்தனை தடவை சொல்றது?"ன்னு கத்திட்டேன். அவங்க திருப்பித் திட்டல. கையைப் பிசைஞ்சுகிட்டே, "கோவிச்சுக்காதீங்க தம்பி. நீங்க யாரு வீட்டுப் புள்ள?"ன்னு கேட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. வள்ளி கல்யாணக் கதைதான் மனசுல ஓடுச்சு.

முருகன் வள்ளியைத் தேடி முதல்ல வேடனா வந்தார். அப்புறம் வேங்கை மரமா நின்னார். கடைசியில தள்ளாடுற கிழவரா வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? பசிக்குதுன்னார். வள்ளி தேனும் தினைமாவும் கொடுத்தா. அப்புறம் தாகம்னார். சுனைக்குக் கூட்டிட்டுப் போனா. எதிர்ல நிக்கிறது கடவுள்னு அவளுக்குத் தெரியாது. தெரியாமலேதான் கொடுத்தா. முருகன்னு தெரிஞ்சிருந்தா யார்தான் கொடுக்க மாட்டாங்க? நான் கோயில்ல மூணு மணி நேரம் வரிசையில நிப்பேன். வீட்டுல வந்து சோறு கேட்ட கிழவிக்கு மூணு நிமிஷம் கொடுக்க முடியல.

அதுக்கப்புறம்தான் டாக்டர்கிட்ட போனோம். டிமென்ஷியான்னு சொன்னார். தமிழ்ல மறதி நோய்ங்கறோம். அதுல அதிகமா வர்ற வகை அல்சைமர். 1906-ல அலாய்ஸ் அல்சைமர்ங்கற ஜெர்மன் டாக்டர் முதல்ல விவரிச்சது. நம்ம நாட்டுல 60 வயசுக்கு மேல இருக்கிற 100 பேர்ல சுமார் 7 பேருக்கு மறதி நோய் இருக்கறதா 2023-ல வந்த ஓர் ஆய்வு கணக்கு போட்டிருக்கு. அப்ப இது நம்ம தெருவுலயே இருக்கு.

நம்ம பாஷையில சொல்றேன். மூளையில புது நினைவுகளைப் பதிய வைக்கிற பகுதி ஹிப்போகேம்பஸ். அல்சைமர்ல அது சீக்கிரமே பாதிக்கப்படுது. அதனால பழைய ஃபைல் எல்லாம் இருக்கும், புது ஃபைல் சேவ் ஆகாது. அப்பத்தா பொய் சொல்லல. சாப்பிட்ட விஷயம் அவங்களுக்குள்ள பதியவே இல்ல. கம்மலை வச்சதும் பதியல. அப்ப யாரோ எடுத்துட்டாங்கன்னுதானே தோணும்? சாயங்காலம் ஆனா இன்னும் தவிப்பாங்க. "எம் புள்ள பள்ளிக்கூடம் விட்டு வரலையே"ன்னு வாசலுக்கு ஓடுவாங்க. அந்தப் புள்ளைக்கு, அதாவது எங்க அப்பாவுக்கு, இப்ப 55 வயசு.

டாக்டர் ஒண்ணு அழுத்திச் சொன்னார். மறதி எல்லாமே அல்சைமர் இல்ல. பி12 குறைவு, தைராய்டு, மன அழுத்தம், சில மாத்திரைகள் இதனாலயும் வரலாம். சரி பண்ணக்கூடிய காரணமா இருந்தா சரி பண்ணிடலாம். நேத்து வரைக்கும் நல்லா இருந்தவங்க திடீர்னு குழம்பினா, சிறுநீர்த் தொற்றுகூட காரணமா இருக்கலாம், உடனே காட்டணும். அதனால விபூதி பூசுங்க, கூடவே டாக்டரையும் பாருங்க. எட்டு மாசத்தைத் தாயத்துல விட்டவன் சொல்றேன்.

இப்ப கிருத்திகைக்கு வர்றேன். சரவணப் பொய்கையில முருகன் குழந்தையா இருந்தப்ப பால் கொடுத்து வளர்த்தது கார்த்திகைப் பெண்கள். எத்தனை பேர்? ஆறு பேர். சாட்சாத் பரம்பொருளையே பார்த்துக்க ஆறு பேர் வேணும்னா, எங்க வீட்டுல அப்பத்தாவை அம்மா ஒருத்தரே பார்த்துக்கணும்னு நாங்க எப்படி நினைச்சோம்? குளிக்க வைக்கறதும் அம்மா, திட்டு வாங்கறதும் அம்மா. நான் செல்ஃபி எடுத்து "என் அப்பத்தா, என் உயிர்"னு ஸ்டேட்டஸ் போட்டேன். இப்ப முறை வச்சிருக்கோம். காலையில அப்பா, சாயங்காலம் நான், ஞாயித்துக்கிழமை அத்தை வருவாங்க. அம்மா ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் பழனிக்குப் போயிட்டு வந்தாங்க.

சோறு கேட்டா இப்பல்லாம் "சாப்பிட்டாச்சு"ன்னு வாதாடறது இல்ல. "வாங்க அப்பத்தா"ன்னு கொஞ்சம் பொரி கொடுத்து பக்கத்துல உக்காந்துக்குவேன். பேச்சு மாறிடும்.

ஒரு பயம் மட்டும் எனக்கு இருந்துச்சு. கடைசி நேரத்துல முருகான்னு சொல்லணும்னு அப்பத்தா அடிக்கடி வேண்டிக்குவாங்க. அந்தப் பேரே மறந்துட்டா? யோசிச்சுப் பார்த்தேன். கைக்குழந்தைக்கு அம்மாங்கற வார்த்தை தெரியாது. அதுக்காக எந்தத் தாயும் பால் கொடுக்காம இருக்கறது இல்ல. பொய்கையில கிடந்த குழந்தை கூப்பிட்டா அந்த ஆறு பேரும் வந்தாங்க? அப்படித் தூக்கி வளர்க்கப்பட்ட நம்ம கந்தனுக்கு, பேர் சொல்லத் தெரியாதவங்களை எப்படித் தூக்கணும்னு தெரியாதா? பேர் அவங்களுக்கு மறக்கலாம். அவனுக்கு அவங்க மறக்காது.

போன செவ்வாய்க்கிழமை விளக்கேத்தினதும் அப்பத்தா கவசம் சொன்னாங்க. பாதியில நின்னுட்டாங்க. கண்ணு கலங்குச்சு. நான் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தேன். பின்னாலயே வந்தாங்க. சின்ன வயசுல நான் திக்கின இடத்துல எல்லாம் அவங்க எடுத்துக் கொடுத்தாங்க. இப்ப என் முறை.

இன்னைக்கு விரதம் முடிச்சு சாப்பிடறதுக்கு முன்னாடி, உங்க வீட்டுப் பெரியவங்க பக்கத்துல பத்து நிமிஷம் உக்காருங்க. சொன்னதையே சொல்வாங்க. புதுசா கேக்கற மாதிரி கேளுங்க. உதவி தேவைப்பட்டா, முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. வீட்டுல பெரியவங்க இருக்கிற நண்பர்களுக்கு இதை அனுப்புங்க.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!