ஒதுங்கியிருத்தலும் ஒதுக்கப்படுதலும்

தொற்றுநோய் கண்டவர் பிறரிடமிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதில் இன்று எவருக்கும் ஐயமில்லை. ஆயினும், அவ்வாறு விலகியிருத்தல் எப்போது அறமாகிறது என்னும் வினாவை நாம் போதிய அளவு ஆராயவில்லை என்றே தோன்றுகிறது. காவலரின் தடிக்கு அஞ்சி வீட்டினுள் இருப்பவரும், அண்டை வீட்டு முதியவருக்குத் தம்மால் தீங்கு நேரலாகாது என்று கருதி இருப்பவரும் செய்யும் செயல் ஒன்றே. தொற்று தடைப்படும் பயனும் ஒன்றே. அங்ஙனமாயின் வேற்றுமை எங்கே உள்ளது?

நம் ஊர்களில் அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகுவது நெடுநாளைய வழக்கம். அதனைச் செருகியவர் அவ்வீட்டாரே. கண்டவர்கள் உள்ளே புகாமல், இளநீரைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பினர். நோயாளியை ஒருவரும் குற்றவாளியாக நோக்கவில்லை. (அம்மையைப் பற்றிய நம்பிக்கைகள் சரியா என்பது வேறு விவாதம்.) 2020ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது அதே வாசல்களில் அதிகாரிகள் அறிவிப்புத் தாள் ஒட்டினர், சில இடங்களில் தகரம் வைத்தே அடைத்தனர். எங்கள் தெருவில் தாள் ஒட்டப்பட்ட ஒரு வீட்டிற்குப் பால்காரர் வர மறுத்தார். பதினான்கு நாட்கள் கழிந்து தாள் கிழிக்கப்பட்ட பின்னரும், அவ்வீட்டு அம்மையாரிடம் பூ விற்பவள் நின்று பேசவில்லை. இத்தகைய அவமானத்திற்கு அஞ்சியே பலர் காய்ச்சலை மறைத்தனர் என்பதை நாம் அறிவோம். உரிய அதிகாரி பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் தனியே ஆணையிட்டாலன்றி இவ்வாறு ஒட்டத் தேவையில்லை என்று 2020 டிசம்பர் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கூறியது.

தாமே முன்வந்து விலகியிருந்தோர் வரலாற்றில் இங்கிலாந்தின் ஈயம் என்னும் சிற்றூர் தனியிடம் பெற்றது. 1665ஆம் ஆண்டு அங்கே கொள்ளைநோய் புகுந்தது. 1666 ஜூன் மாதத்தில், பாதிரியார் வில்லியம் மொம்பெசனும் அவருக்கு முன்னிருந்த தாமஸ் ஸ்டான்லியும் வேண்டியபடி, ஊரார் எல்லையைத் தாண்டுவதில்லை என உறுதி பூண்டனர். அயலூரார் எல்லைக்கல்லருகே உணவை வைத்துச் செல்வர். அதற்குரிய காசு கல்லின் குழிகளில் காடியில் இடப்பட்டிருக்கும். எலிசபெத் ஹான்காக் என்னும் பெண் எட்டு நாட்களில் கணவரையும் ஆறு மக்களையும் தம் கையாலேயே புதைத்தார். மாண்டோர் ஏறத்தாழ 260 பேர். மொம்பெசனின் மனைவியும் அவர்களுள் ஒருவர்.

இந்நிகழ்ச்சியைத் தியாகம் என்று போற்றுவதோடு நிறுத்திக்கொள்வது எளிது. ஆயினும் மொம்பெசன் தம் குழந்தைகளை முன்கூட்டியே வெளியூருக்கு அனுப்பிவிட்டார் என்பதையும், வசதி படைத்த சிலர் அதற்கு முன்பே அகன்றனர் என்பதையும் மறத்தலாகாது. தந்தை என்ற நிலையில் அவரைப் பழிக்க என் மனம் ஒப்பவில்லை. ஆனால் எஞ்சியோருக்கு அத்தகைய வழி இருந்ததா? போக இடமில்லாதவரின் இசைவை முழு இசைவு என்று கொள்வது எனக்குத் தயக்கமாகவே இருக்கிறது. மற்றொன்றும் உண்டு: சாட்ஸ்வொர்த் மாளிகைப் பிரபு உணவு அனுப்பியிராவிடில், அவ்வுறுதி எத்தனை வாரம் நிலைத்திருக்கும்?

அதே நாட்டில் கொரோனாக் காலத்தில் நடத்தப்பட்டு, 2021இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு சிந்திக்கத்தக்கது. அறிகுறி தோன்றினால் வீட்டினுள் இருப்போம் என்றவர் நூற்றுக்கு எழுபதின் அளவினர். அறிகுறி தோன்றியபின் முழுமையாக அவ்வாறு இருந்ததாகக் கூறியவர் 43 பேரே. பணமுடையால் வருந்தியவரும் சிறு குழந்தை உடையவரும் அவ்வாறு இருக்க இயலாதோருள் மிகுதி. இதனை மனவுறுதியின் குறை என்று எவ்வாறு கூறுவது? ஒரே அறையில் ஐவர் உறங்கும் வீட்டில் எவர் எவரிடமிருந்து விலகுவது? அன்றாடக் கூலியை நம்பியவருக்குப் பதினான்கு நாள் என்பது வெறும் காலக்கணக்கு அன்று.

ஆகவே, விலகியிருக்கும் கடமை நோயாளி ஒருவருக்கே உரியதன்று. அவரை விலகியிருக்கச் சொல்பவருக்கும் அதில் பங்குண்டு. பணிப்பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டென்றால், அவளது ஊதியம் என்னாவது? 2020 ஏப்ரல் மாதச் சம்பளத்தை முழுமையாகக் கொடுத்த வீடுகள் எங்கள் தெருவில் எத்தனை என்று பின்னர் விசாரித்தேன். ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன.